பார்க்கிற கண்ணுக்கு ஒரு புல்

அதுனால அந்தக் கடைசி வீட்டுக்காரி சொல்றத நம்பாதீங்க மதினி. அவ மருமக கோவிச்சுக்கிட்டு எங்கயும் போகல. ஆத்தா வீட்டுல கெடா வெட்டுறாக, போயிருக்கா. கறி தீந்ததும் வந்துருவா. அய்யய்யோ, கைய இழுங்க! கைய இழுங்க மதினி! அந்தப் பணியாரத்த அதுக்குக் குடுத்துராதீங்க!

உங்களத்தான் பாக்குது, தெரியும். நீங்க வாயில வைக்கிறப்பல்லாம் மூக்க ஆட்டுது, அதுவும் தெரியும். ஆனா அது பசியில பாக்கல. அதோட கண்ணு அப்பிடி. மதுரையில எவனோ இந்த முயல அட்டப்பெட்டியோட ரோட்டோரத்துல விட்டுட்டுப் போயிருக்கான். என் பேத்தி தூக்கி வளத்து, லீவுக்கு இங்க கொண்டாந்திருக்கா. பல்லு கோணல், வயிறு கோளாறு. புல்லத் தவிர வேற ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராம். அந்தப் புல்லயும் பொட்டலம் கட்டிக் கூரியர்ல அனுப்புறாக மதினி! நம்ம ஊருல சும்மா மொளைக்கிறது! "அம்மாச்சி, உனக்கு இதப் பாத்துக்கிடத் தெரியுமா?"ன்னு வேற கேக்குறா. எனக்கா தெரியாது? எனக்கு எழுத்துக் கூட்ட வராது. ஆனா முயலுக்குப் பத்தியம் பாத்ததுல இந்தப் போடியிலயே நான்தான் மொதல் ஆளு.

உக்காருங்க. இந்தா, இந்தப் புல்லுல ஒண்ண எடுத்து அதுக்குக் குடுத்துட்டு, பணியாரத்த நீங்க தின்னுங்க. ஏன் புல்லுன்னு சொல்றேன், கேளுங்க.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். எங்கள் அப்பா ஜீப் ஓட்டினார். விடியும்போதே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவார். பொழுது சாயும்போது அவர்களோடு இறங்குவார். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்பது அதைச் செய்தவனுக்குத் தெரியாது, எங்கள் அப்பாவுக்குத்தான் தெரியும். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. கோழியை அடைப்பது, ஆட்டைப் பற்றிக்கொண்டு போவது, அப்பத்தாவுக்கு வெற்றிலை இடிப்பது, இதெல்லாம் என் சோலி. அப்பத்தாவுக்குப் பல் கிடையாது. ஆனால் வெற்றிலை போடாமல் இருக்கவும் முடியாது. அது தனிக் கதை, விடுங்கள்.

ஒரு மழைநாள் சாயங்காலம் அப்பா ஒரு கூடையோடு இறங்கினார். மூடியிருந்த சாக்கை விலக்கியதும் குப்பென்று ஏலக்காய் வாசம். பாயசத்துக்குத்தான் ஏதோ வந்திருக்கிறது என்று நான் கையை விட்டேன். வெதுவெதுப்பாக எதுவோ நெளிந்தது. வெள்ளை முயல்! ஒரு காது கிழிந்திருந்தது. முன்பல் இரண்டும் சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி இருந்தன.

மலைமேல் தோட்டத்துப் பங்களாவில் இருந்த குடும்பம் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. அவர்கள் வளர்த்த முயல்களில் நல்லவற்றை ஆளுக்கொன்றாக வாங்கிப் போய்விட்டார்கள். கோணப்பல்லை யார் வாங்குவார்கள்? அது மட்டும் மிச்சம். புதிதாகக் குடிவந்தவர் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டாராம். பங்களா சமையல்காரருக்கு மனசு கேட்கவில்லை. கீழே இறங்குகிற ஜீப்பை மறித்து, கூடையை அப்பாவின் மடியில் வைத்துவிட்டார். வைத்தவர் சும்மா வைக்கவில்லை, பத்தியத்தையும் சேர்த்தே வைத்தார்.

"புல்லு மட்டுந்தானாம்," என்றார் அப்பா. "பச்சை கொஞ்சம், காஞ்சது நெறைய. பல்லு கோணலா இருக்கதால நறுக்கிக் குடுக்கணுமாம். பங்களாப் புள்ளைக பிஸ்கட்டும் கேக்குமாக் குடுத்து வயித்தக் கெடுத்து வச்சிருக்குக. இனிமே சோறு, பலகாரம், இனிப்பு எது உள்ள போனாலும் வயிறு ஊதிச் செத்துருமாம்."

அப்பத்தா முயலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெறும் புல்லத் தின்னு ஒரு உசுரு எப்பிடிடா பொழைக்கும்?"

"மாடு பொழைக்கலையா?"

"மாட்டுக்குப் புண்ணாக்கு யாரு வைக்கிறா? தவிடு யாரு போடுறா? கழனித்தண்ணி யாரு காட்டுறா? உங்கப்பனா?"

 அப்பா என்னைக் கூப்பிட்டுக் கூடையைக் கையில் கொடுத்தார். "ஆத்தா, இனி இது ஒன் பொறுப்பு. செத்துப்போச்சுன்னா ஒன்னையத்தான் கேப்பேன்."

எனக்கு அதுவரைக்கும் யாரும் ஓர் உயிரைக் கையில் கொடுத்து இப்படிச் சொன்னதில்லை. கோழிகூட அப்பத்தாவின் பொறுப்புத்தான். நான் அடைப்பதோடு சரி. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குத் துரை என்று பேர் வைத்தது அப்பத்தாதான். பங்களாவிலிருந்து வந்தது, இன்னதுதான் தின்பேன் என்கிறது, வேறென்ன பேர் வைப்பது? எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அந்த முயலுக்கும் மட்டும்தான் மரியாதை. "தொரை சாப்பிட்டாரா?" "தொரை எந்திரிச்சுட்டாரா?" இப்படித்தான் கேட்பார்கள். என்னைக் கேட்கும்போது "அந்தக் கழுதை தின்னுச்சா?" என்பார்கள்.

பத்தியம் சுலபமாகத்தான் இருந்தது. காலையில் வாய்க்கால் ஓரம் போய் அருகம்புல் அறுத்துக்கொண்டு வருவேன். பாதியை வெயிலில் காயப்போடுவேன். விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்தால் துரை கோணப்பல்லால் அரைத்து அரைத்துத் தின்பார். தெருக்கோடிப் பிள்ளையாருக்கும் துரைக்கும் ஒரே சாப்பாடு என்று எனக்குப் பெருமை வேறு.

கஷ்டம் புல்லில் இல்லை மதினி, கண்ணில்.

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? சாப்பிடும்போது எதிரே ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு வாய் கொடுத்துவிட்டுத்தான் தின்ன வேண்டும். பிள்ளையோ, நாயோ, வாசலில் நிற்கிறவரோ, யாராக இருந்தாலும் சரி. கொடுக்காவிட்டால் தின்றது செரிக்காது, வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். துரையின் கண்ணோ, தலைக்கு இரண்டு பக்கமும் பதித்த கண். அந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பார்க்கும், இந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பார்க்கும். தூங்கும்போதுகூட மூடுவதில்லை. போதாததற்கு மூக்கும் வாயும் சதா அசைந்துகொண்டே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு, "எனக்கு? எனக்கு?" என்று கேட்கிற மாதிரியே இருக்கும்.

முதலில் தப்புச் செய்தது யார் என்கிறீர்கள்? பத்தியம் கேட்டுக்கொண்டு வந்த அப்பாவேதான். ஒருநாள் சோற்றைப் பிசைந்தவர் துரையைப் பார்த்தார். துரை அவரைப் பார்த்தார். அப்பாவின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. மெதுவாக ஒரு சின்ன உருண்டையை உருட்டிப் பக்கத்தில் வைத்தார். நான் ஓடிப்போய் அள்ளினேன்.

"அப்பா! செத்துரும்னு நீதான சொன்ன?"

"ஒரு உருண்டையில என்ன ஆகப்போகுது? பாத்துக்கிட்டே இருக்குல்ல தாயி. நாளைக்கு நான் லோடு ஏத்திக்கிட்டு மலையேறணும். கொண்டையூசி வளைவுல வயித்த வலிச்சா என்ன பண்றது?"

துரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். பக்கத்துக் கண்ணால் பார்த்தார். கூடையைக் கவிழ்த்து மூடினேன். "மூடி வச்சா இன்னும் மோசம்டி, வாசத்துக்கே ஏங்கிப்போயிரும்," என்று அப்பத்தா திறந்துவிட்டாள். அம்மா தேங்காய் துருவும்போது ஒரு கீற்று வைத்தாள். அப்பத்தா கருப்பட்டியில் ஒரு துணுக்கு. முறுக்குச் சுட்டுக்கொண்டு வந்த எதிர்வீட்டுக்காரி ஒரு வளையம். நான் முதுகைத் திருப்பும் நேரம் பார்த்துத்தான் எல்லாரும் தர்மம் செய்தார்கள்.

ஒரு மத்தியானம் துரை புல்லைத் தொடவில்லை. வயிறு உடுக்கை மாதிரி விண்ணென்று இருந்தது. கிழிந்த காதைத் தூக்கக்கூட முடியாமல் கிடந்தார். நான் போட்ட கூச்சலில் வீடே கூடிவிட்டது. யார் கொடுத்தீர்கள், என்ன கொடுத்தீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "நான் ஒரு துணுக்குத்தான் வச்சேன்." அத்தனை பேருடைய துணுக்கும் சேர்ந்து அந்தச் சின்ன வயிற்றுக்குள் இருந்தது.

பெரிய அத்தைதான் துரையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

இந்த இடத்தில் பெரிய அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அப்பாவுக்கு அக்கா. குரங்கணியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை என்று மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டார்; அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். அதெல்லாம் பெரியவர்கள் பேச்சு, என் காதில் விழுந்தாலும் நிற்காது. எனக்குத் தெரிந்த பெரிய அத்தை தெருவுக்கே செல்லம். யார் வீட்டில் அதிரசம் சுட்டாலும், அந்த வீட்டுப் பிள்ளைகள் வாயில் வைப்பதற்கு முன்னால் அத்தைக்கு ஒரு பங்கு வந்துவிடும். "மொதல்ல அவளுக்குக் குடுத்துட்டு வா" என்று சொல்லி அனுப்புவார்கள். எனக்கு யாரும் அப்படி முதலில் கொடுத்ததில்லை. கைக்குழந்தையோடு யாராவது வந்தால், அத்தை தானாகவே குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விடுவாள். எவ்வளவு சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொள்வேன். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அடுப்பங்கரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். அந்தச் சுவரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பல்லி இருந்தது.

அத்தை துரையின் வயிற்றை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரைத் துணியில் நனைத்து வாயோரம் விட்டாள். நான் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, துரை பிழைத்தால் பிள்ளையாருக்கு என் பாவாடையைத் தருவதாக வேண்டிக்கொண்டேன். பிள்ளையார் பாவாடையை வைத்து என்ன செய்வார் என்று அப்போது தோன்றவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் துரை மெதுவாக அசைந்து, அத்தையின் மடியிலேயே நாலு புழுக்கை போட்டார். எங்கள் வீட்டில் எனக்குக் காது குத்தியபோதுகூட அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். அப்பா அந்தப் புழுக்கையைக் கையில் எடுத்தே பார்த்தார்.

அன்றைக்குத்தான் அத்தை சொன்னாள்.

"பாக்குற கண்ணுக்கு ஒரு வாய் குடுக்கணும், அம்புட்டுத்தான? நாம திங்கிறதையேதான் குடுக்கணும்னு எவன் சொன்னான்? அது திங்கிறதக் குடுங்க. ஆளுக்கொரு புல்லு."

"அப்ப, அதோட கண்ணு?" என்றாள் அப்பத்தா.

"அது பாட்டுக்குப் பாக்குது. எல்லாக் கண்ணும் திங்கிறதுக்கே பாக்குறதில்ல ஆத்தா."

அப்பத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போய், ஒரு கைப்பிடி புல்லை நறுக்கிக்கொண்டு வந்தாள்.   அப்பத்தா துரைக்குப் புல் நறுக்கியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் நறுக்கிய புல் ஒரு கைப்பிடி இருக்கும். அப்பா முதல் வாய்க்கு முன்னால் ஒரு புல்லைத் துரைக்கு நீட்டுவார். அம்மா நீட்டுவாள். விருந்தாளிகள் வந்தாலும் அப்படித்தான். இலையின் ஓரத்தில் உப்பு, ஊறுகாய், புல். ஒரு பெரியவர் கீரை என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டார்; பாவம், விக்கிவிட்டது. அப்பா இதை ஜீப்பில் சொல்லப்போக, தோட்டத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே மலைச்சரிவில் புல் அறுத்து, ஆளுக்கொரு சின்னக் கட்டாகக் கொடுத்துவிட ஆரம்பித்தார்கள். "அண்ணே, இது தொரைக்கு" என்று சொல்லித்தான் கொடுப்பார்களாம். பழைய வெள்ளைக்காரத் துரை பங்களாவில் இருந்த காலத்தில் அவருக்கு யாரும் அவ்வளவு ஆசையாக எதையும் கொடுத்திருக்க மாட்டார்கள். மலைப்புல் வந்த பிறகு துரையின் கழுத்தில் சதை போட்டது.

இன்னொன்றும் நடந்தது. பெரிய அத்தை அப்போதும் கடைசியில்தான் சாப்பிட்டாள். ஆனால் சுவரைப் பார்த்து இல்லை. தட்டுக்குப் பக்கத்தில் துரையை வைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு புல், தனக்கு ஒரு வாய் என்று சாப்பிட்டாள். துரை அவள் முன்னால் அரைத்து அரைத்துத் தின்பதைச் சில நாள் சோற்றை மறந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். முயல் தின்பதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பல்லிக்கு இது தேவலை என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷந்தான் சின்ன அத்தைக்கு வளைகாப்பு. சின்ன அத்தை அப்பாவுக்குத் தங்கச்சி. மலையடிவாரத்து ஊரான தேவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டில் இடம் பற்றாது என்று எங்கள் வீட்டிலேயே வைத்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று அண்டா அண்டாவாக ஆக்கினார்கள்.  தேவாரத்திலிருந்து வருகிற அத்தனை பெண்களுக்கும் புல் வழக்கம் எப்படித் தெரியும்? ஆளுக்கொரு துணுக்கு வைத்தாலே துரை அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடுவார்.

"தொரைய யாராச்சும் கொல்லையில வச்சுப் பாத்துக்கிடணும்," என்று நான் சொன்னேன். அந்த யாராச்சும் நான்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

"நான் பாத்துக்கிடறேன்," என்றாள் பெரிய அத்தை.

அவள் அன்றைக்கு விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, தங்கச்சிக்குப் பூக்கட்டி, சந்தனம் அரைத்து, கண்ணாடி வளையல்களை நிறம் நிறமாகப் பிரித்துத் தட்டில் அடுக்கியிருந்தாள். விசேஷச் சேலையும் கட்டியிருந்தாள். ஆட்கள் வரத் தொடங்கியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். அப்பத்தா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெற்றிலையை எண்ணுகிற மாதிரி திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. விறைப்பான பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ, கையில் வளையல் தட்டு. துரை யாருடைய பொறுப்பு? அப்பா யார் கையில் கொடுத்தார்? கிடைத்த சந்தில் கொல்லைக்கு ஓடினேன். முருங்கை மரத்தடியில் அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் துரை. உள்ளே நலங்குப் பாட்டுப் பாடினார்கள். அத்தை அதை முணுமுணுத்துக்கொண்டே துரையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, மாத்திக்கிடுவமா? நீ போயி தட்டப் புடி. நான் தொரையப் பாத்துக்கிடறேன்."

"வேணாம் ஆத்தா. தொரை என்னைய விடமாட்டேங்குறாரு."

"பொய் சொல்ற. நீயே அமுக்கிப் புடிச்சிருக்க."

அத்தை சிரித்தாள். "போ, போ. வளையல் போடப் போறாக. எல்லாத்தையும் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. எந்த நெறம் மொதல்ல போட்டாகன்னு சொல்லணும்."

எல்லா நல்லதும் அத்தைக்குத்தான் கிடைக்கிறது என்று முனகிக்கொண்டே உள்ளே போனேன்.

சின்ன அத்தை மனைப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் சந்தனம். மாமியார்க்காரி, தேவாரத்துச் சம்மந்தியம்மா, பெரிய ஆகிருதி. அவர் வளையல் போட்டுவிட்டு, மிச்சத்தில் ஒரு ஜோடியை எடுத்து என் கையில் ஏற்றினார்.

"நீயும் வெரசா பெரியவளாகி, கல்யாணம் கட்டி, இதே மாதிரி மனையில உக்காரணும் தாயி."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒண்ணும் இது வேணாம். நான் பெரிய அத்தை மாதிரி ஆகணும். அத்தை மாதிரி கொல்லையில உக்காந்து தொரையப் பாத்துக்கிடணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. பாட்டும் நின்றுவிட்டது. அம்மா என் தோள்பட்டையில் கிள்ளிய கிள்ளு இன்றைக்கும் இருக்கிறது. அப்பத்தா, "வாயக் கழுவுடி, வாயக் கழுவு" என்று என் வாயைப் பொத்தினாள்.  கொல்லைக் கதவு திறந்துதான் கிடந்தது. அத்தைக்குக் கேட்டிருக்கும். கேட்டால் என்ன? அவளைப் பெருமையாகத்தானே சொன்னேன்?

அப்போதுதான் சின்ன அத்தை வாயைத் திறந்தாள்.

"ஆத்தா, எனக்குத் தொரையப் பாக்கணும் போல இருக்கு."

"என்னடி இது, இப்பப் போயி?"

"ஆசையா இருக்கு. இப்பவே பாக்கணும்."

சபையில் ஒரு முணுமுணுப்பு. பிள்ளைத்தாய்ச்சி ஒன்றுக்கு ஆசைப்பட்டுக் கிடைக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். மாங்காய்க்கும் சாம்பலுக்கும் ஆசைப்படுவார்கள். முயலுக்கு ஆசைப்பட்டு யாரும் கேட்டதில்லை. ஆனாலும் ஆசை ஆசைதானே?

"கொண்டாங்க, கொண்டாங்க," என்றார் சம்மந்தியம்மா. "கேட்டதக் காட்டிருங்க. எங்க பேரப்புள்ளை காது."

நான் கொல்லைக்குப் பாய்ந்தேன். சின்ன அத்தை என் பாவாடையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ தூக்கினா அது தாவி ஓடிரும். அக்கா மடியிலதான் அடங்கி இருக்கும். அக்காளே தூக்கிட்டு வரட்டும்."

 சம்மந்தியம்மா அப்பத்தாவைப் பார்த்தார். அப்பத்தா தரையைப் பார்த்தாள். சின்ன அத்தை வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்தால்தான் ஆச்சு என்று உட்கார்ந்திருக்கிற சின்னப்பிள்ளை மாதிரி. கடைசியில் அப்பத்தாதான் கொல்லைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏத்தா... தொரையக் கொண்டா. ஒன் தங்கச்சி கேக்குறா."

பெரிய அத்தை துரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். நிலைப்படியில் ஒரு கணம் நின்றாள். "வாக்கா, இங்கிட்டு வந்து உக்காரு" என்று சின்ன அத்தை நகர்ந்து இடம் கொடுத்தாள். கூடத்து நடுவில், அத்தனை பெண்களுக்கும் எதிரில், பெரிய அத்தை உட்கார்ந்தாள்.

எனக்கு வேறு எதையும் கவனிக்க நேரமில்லை மதினி. பந்தி ஆரம்பித்துவிட்டது. நான் பயந்தது நடந்தது. துரை எல்லாரையும் பார்த்தார். சம்மந்தியம்மா சர்க்கரைப் பொங்கலில் ஒரு கவளம் எடுத்து நீட்டினார்.

"குடுக்காதீங்க! செத்துரும்!"

"அட போடி. எங்க தோட்டத்துக்கு யானை வருது. அதுவே கெடைச்சதத் தின்னுட்டுப் போகுது. இந்தச் சுண்டெலிக்கு என்ன?"

தேவாரத்துக்காரர்கள் யானைப் பேச்சை எடுத்தால் லேசில் விடமாட்டார்கள். நான் பேசிக்கொண்டிருக்கவில்லை. கவளத்தைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன். அடுத்தவள் புளிச்சோற்றை நீட்டினாள், அதையும் தின்றேன். தேங்காய்ச் சோறு, தின்றேன். துரைக்கு வந்த துணுக்கையெல்லாம் நானே தின்று தீர்த்தேன். சாயங்காலம் என் வயிறு உடுக்கையாகிவிட்டது. கண் பட்டுவிட்டது என்று அப்பத்தா உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள். அப்பா, "இது கண்ணு இல்ல ஆத்தா, பொங்கலு" என்றார்.

பந்தியில் நான் விழுங்கிக்கொண்டிருக்கும்போதே பெரிய அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நறுக்கிய மலைப்புல். "இதக் குடுங்க, இதத்தான் திங்கும்" என்று மெல்ல நீட்டினாள். சம்மந்தியம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு, அத்தையின் கையிலிருந்து ஒரு புல்லை வாங்கித் துரைக்குக் கொடுத்தார். துரை அரைத்தார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாக அத்தையிடம் புல் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். அத்தையும் துரையும் பார்த்துக்கொண்டிருக்க, கூடம் முழுக்கச் சாப்பிட்டது. அத்தை பக்கம் வந்தால் வழக்கமாகச் செய்கிற மாதிரி யாரும் முந்தானையால் இலையை மறைக்கவில்லை. யாருக்கும் வயிறும் வலிக்கவில்லை, என்னைத் தவிர.

துரை பிழைத்துக்கொண்டார். நான் தாவணி போட்ட பிறகும் இருந்தார்.

ஆனால் எனக்குச் சின்ன அத்தையின் மேல் கோபம் வெகுநாள் தீரவில்லை. துரையைப் பார்க்க வேண்டும், இப்பவே பார்க்க வேண்டும் என்று சபையில் அவ்வளவு அடம்பிடித்தாளே, துரை வந்து அவள் மடியோரமே உட்கார்ந்த பிறகு ஒருதடவைகூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் கையிலிருந்த பச்சை வளையல்களில் இரண்டைக் கழற்றி, பெரிய அத்தையின் கையைப் பிடித்து, அதில் ஏற்றிக்கொண்டே இருந்தாள். வளையல் சின்னது, ஏறவில்லை. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். வளையல் ஏறாததற்கு யாராவது அழுவார்களா? முயலைப் பார்க்காதவளுக்கு எதற்கு முயல் என்று, அப்பாவிடம் போய்ப் புகார் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜீப்பைக் கழுவப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார். காலையில்தான் கழுவியிருந்தார்.

யே மதினி, கொழாயில புஸ்ஸுன்னு சத்தம் கேக்குது பாருங்க. தண்ணி வந்துருச்சு! எந்திரிங்க, எந்திரிங்க, அப்புறம் சொட்டுச் சொட்டா வரும். அந்தப் பச்சைக் கொடத்த எடுங்க வெரசா. என்னது, கடைசிப் பணியாரமா? தின்னுங்க, யாரு வேணாம்னா. அதுக்கு ஒரு புல்லு குடுத்துட்டுத் தின்னுங்க. பாக்குதுல்ல.